சட்டத்தரணியிடம் போகுமுன் நாம் தெரிந்து வைக்க வேண்டியவை



காய்ச்சல் வந்தால் டிஸ்பென்சரிக்குப் போக நமக்குத் தெரியும். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கத் தெரியும். ஆனால் கோர்ட்டிலிருந்து ஒரு கடதாசி வந்துவிட்டால் மட்டும் வீடே கலங்கிப் போகிறது. யாரைப் பார்ப்பது, எவ்வளவு காசு கேட்பார்கள், எதில் கையெழுத்துப் போடச் சொல்வார்கள் என்று ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. அந்தப் பயத்தைக் காசாக்குகிறவர்களும் டவுனில் இருக்கிறார்கள். ஆகவே இந்தப் பாடத்தை வீட்டில் ஒருவர் சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் உட்கார்ந்து கேட்பது நல்லது.

1. யார் சட்டத்தரணி, யார் தரகர்?

நம்ம பெரியவர்கள் இன்றைக்கும் "புரக்டர் ஐயா" என்றுதான் சொல்வார்கள். முன்பு இலங்கையில் புரக்டர் வேறு, அட்வகேட் வேறு. 1974ஆம் ஆண்டு தொடக்கம் இரண்டும் ஒன்றாகி, எல்லோரும் சட்டத்தரணி என்றே அழைக்கப்படுகிறார்கள். உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் செய்து பெயர் பதிந்தவர்தான் சட்டத்தரணி.

காணி உறுதி எழுதுகிறவர் நொத்தாரிசு. பல சட்டத்தரணிமார் நொத்தாரிசாகவும் இருக்கிறார்கள். சத்தியக் கடதாசியில் உறுதிப்படுத்திக் கையொப்பம் வைக்கிறவர் சமாதான நீதவான். இவர் சட்டத்தரணியாக இருக்க வேண்டும் என்பதில்லை.

இந்த மூவரும் இல்லாத நாலாவது ஆள் ஒருவர் இருக்கிறார். கோர்ட் வாசலிலும் தொழில் கந்தோர் வாசலிலும் நிற்பார். "அண்ணே, எந்தத் தோட்டம்? நான் முடிச்சுத் தாறேன், உள்ளுக்கு ஆள் இருக்கு" என்பார். அவர்தான் தரகர். அவருக்குச் சட்டத்தில் எந்த இடமும் இல்லை. அவர் காசோடு மறைந்து போனால் கேட்கவும் வழியில்லை. அவரைக் கும்பிட்டுவிட்டு நேராக உள்ளே போங்கள்.

2. எல்லாவற்றுக்கும் சட்டத்தரணி தேவையா?

தேவையில்லை. நம்ம மக்களின் காசு அதிகம் கரைவது இதைத் தெரியாததால்தான். எந்தக் காரியத்துக்கு எங்கே போக வேண்டும் என்று பார்ப்போம்.

சேமலாப நிதி, நம்பிக்கை நிதி, சேவைக்காலப் பணம்: இவை கிடைக்காவிட்டால் அல்லது குறைத்துக் கட்டியிருந்தால் தொழில் திணைக்களத்துக்கு முறைப்பாடு கொடுக்கலாம். நமக்குப் பக்கத்தில் நுவரெலியாவிலும் ஹட்டனிலும் தொழில் அலுவலகங்கள் உண்டு. முறைப்பாடு கொடுக்கக் காசு வேண்டியதில்லை. தோட்டத் தலைவர் மூலமாகச் சங்கமும் எழுதிக் கொடுக்கும்.

வேலையை விட்டு நிறுத்தியது: தொழில் நியாயசபைக்கு விண்ணப்பிக்கலாம். அங்கே நமக்காகச் சட்டத்தரணி பேசலாம், தொழிற்சங்கப் பிரதிநிதியும் பேசலாம். ஆனால் ஒரு கெடு இருக்கிறது. வேலை நின்ற நாளிலிருந்து 6 மாதத்துக்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். "தொரையோடு பேச்சுவார்த்தை நடக்குது, அடுத்த மாதம் முடிஞ்சிரும்" என்று சொல்லிச் சொல்லியே பலருக்கு அந்த 6 மாதமும் கடந்து போயிருக்கிறது. பேச்சு நடக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பேச்சு நடக்கிறது என்பதற்காகக் கெடு நிற்காது. நாலாவது மாதம் பிறந்தும் முடிவில்லை என்றால் விண்ணப்பத்தைப் போட்டுவிட்டுப் பேசுங்கள்.

வேலைத்தலத்தில் காயம், மரணம்: தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் 1934ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. மலையில் விழுந்தாலும், பெக்டரியில் கை மாட்டினாலும் அன்றைக்கே தோட்டத்து ஆபீசில் பதியச் சொல்லுங்கள். மருத்துவத் துண்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். பதிவு இல்லாத காயத்துக்குப் பின்னால் நட்டஈடு கேட்பது கடினம்.

புருசன் செலவுக்குக் காசு தராதது: 1999ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டப்படி நீதவான் நீதிமன்றத்தில் மனுக் கொடுக்கலாம். கலியாணம் பதியாவிட்டாலும் பிள்ளைக்குத் தகப்பனிடம் பராமரிப்புக் கேட்க உரிமை உண்டு. அடி உதை என்றால் 2005ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைச் சட்டத்தின் கீழ் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம்.

பக்கத்துக் காம்பராச் சண்டை, சின்னக் கடன், வாய்த் தகராறு: இவை இணக்க சபைக்கு உரியவை. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த சபை இது. அங்கே சட்டத்தரணிமார் வந்து பேச முடியாது. நாமேதான் பேச வேண்டும், செலவும் இல்லை. பல விடயங்கள் முதலில் அங்கே போகாமல் கோர்ட்டுக்கே போக முடியாது.

காணி, வீட்டு உறுதி, வாரிசுப் பங்கு, குற்ற வழக்கு: இவற்றுக்குச் சட்டத்தரணி அவசியம். இங்கே சிக்கனம் பார்க்க வேண்டாம்.

கையில் காசில்லாதவர்களுக்கு 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. நாட்டில் கோர்ட் உள்ள பல நகரங்களில் அதன் கிளைகள் இயங்குகின்றன. வருமானம் குறைந்தவர்களுக்கு அவர்களே சட்டத்தரணியைத் தருவார்கள். போகும்போது அடையாள அட்டை, சம்பளத் துண்டு, கிராம உத்தியோகத்தரின் கடிதம் ஆகியவற்றைக் கொண்டு போங்கள்.

3. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

சேவைக்காலப் பணம் பற்றிய சட்டம் 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் 5 வருடம் முடித்தவர்களுக்கு இது உரியது. நாட்சம்பளக்காரருக்கு, முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம். கணக்குப் பார்ப்பது கடைசியாக வாங்கிய சம்பளத்தில். வேலை முடிந்து 30 நாளுக்குள் கட்ட வேண்டும். பிந்தினால் பிந்திய காலத்தைப் பொறுத்து 10 முதல் 30 சதவீதம் வரை மேலதிகமும் கட்ட வேண்டும்.

கணக்கு இலேசாக இருப்பதற்காக நாட்சம்பளம் 1,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். ஒரு அக்கா 30 வருடம் கொழுந்து எடுத்திருக்கிறார்.

14 நாள் × 1,000 ரூபா = 14,000 ரூபா (ஒரு வருடத்துக்கு)
14,000 × 30 வருடம் = 4,20,000 ரூபா

உங்கள் சொந்த நாட்சம்பளத்தையும் வருடத்தையும் போட்டு நீங்களே பெருக்கிப் பாருங்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளை செய்யக்கூடிய கணக்குத்தான்.

இப்போது தரகர் வருகிறார். "நூற்றுக்குப் பத்துக் குடுங்க, எடுத்துத் தாறேன்" என்கிறார். 4,20,000 ரூபாவில் நூற்றுக்குப் பத்து 42,000 ரூபா. தொழில் கந்தோரில் சும்மா கொடுக்கக்கூடிய ஒரு கடிதத்துக்கு 42,000 ரூபா! மழையிலும் பனியிலும் கூடை சுமந்து எத்தனை நாள் பேர் போட்டால் அந்தக் காசு வரும் என்று எண்ணிப் பாருங்கள்.

வருடத்தைக் கணக்கிடும்போது இன்னொரு கவனமும் வேண்டும். ஜனவசம, அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம் ஆகியவற்றின் கீழ் இருந்த தோட்டங்களின் நிர்வாகம் 1992இல் கம்பனிகளுக்குக் கைமாறியது. இன்று ஓய்வு பெறுகிறவர்களில் பலர் அதற்கு முன்பே பேர் பதிந்தவர்கள். அந்தப் பழைய வருடங்களும் நீங்கள் உழைத்தவைதான். செக்ரோலில் முதன்முதல் பேர் பதிந்த ஆண்டு எது என்று கேட்டு எழுதி வையுங்கள். சிலருக்கு இரண்டு சேமலாப நிதி இலக்கம் இருக்கும். ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடக் கூடாது.

சேமலாப நிதியில் சட்டப்படி குறைந்தது நம்ம பங்கு 8 சதவீதம், தோட்டத்தின் பங்கு 12 சதவீதம். நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதத்தைத் தோட்டமே கட்ட வேண்டும், நம்ம சம்பளத்தில் வெட்டக் கூடாது. சேமலாப நிதியை வேலையிலிருந்து நின்ற ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் எடுக்கலாம்.

4. கையெழுத்தும் கைநாட்டும்

இந்தப் பாடத்தில் ஒரே ஒரு விடயத்தை மனதில் வைத்தால் போதும் என்றால், அது இதுதான்: வெற்றுக் கடதாசியில் கையெழுத்தோ கைநாட்டோ வைக்காதீர்கள். அது சட்டத்தரணி என்றாலும் சரி, சங்கத் தலைவர் என்றாலும் சரி, சொந்தத் தம்பி என்றாலும் சரி.

நம்ம பூட்டன் பாட்டன் காலத்தில் "துண்டு" என்று ஒன்று இருந்தது. தொழிலாளியின் கடன் எவ்வளவு என்று எழுதிய கடதாசி அது. அந்தக் கடனைக் கட்டும் வரை அவர் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. வாங்கிய கடன் எவ்வளவு, எழுதியிருக்கும் கடன் எவ்வளவு என்று வாசித்துப் பார்க்க அவருக்கு எழுத்துத் தெரியாது. கடதாசி கங்காணி கையில், ஆள் அந்தக் கடதாசிக்குள். 1921ஆம் ஆண்டுதான் சட்டம் போட்டு அந்தத் துண்டு முறையை ஒழித்தார்கள். நூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்றைக்கும் வாசிக்காமல் கைநாட்டு வைத்தால், நம்ம துண்டை நாமே எழுதிக் கொடுத்த மாதிரி.

சட்டத்தரணியிடம் போனால் பொதுவாக மூன்று வகைக் கடதாசியில் கையெழுத்துக் கேட்பார்கள்.

முதலாவது பிரொக்சி. "எனக்காக இந்த வழக்கில் இவர் தோன்றலாம்" என்று மாவட்ட நீதிமன்றத்துக்குக் கொடுக்கும் பத்திரம். இது நியாயமானதுதான். வழக்கு முடியும் வரை செல்லும். வேறு சட்டத்தரணியிடம் மாற விரும்பினால் கோர்ட்டின் அனுமதியோடு முதலில் இதை ரத்துச் செய்ய வேண்டும்.

இரண்டாவது சத்தியக் கடதாசி. நீங்கள் சத்தியம் செய்து சொல்லும் விடயங்கள் இதில் இருக்கும். பொய் இருந்தால் குற்றம் உங்கள் மேல்தான் வரும். ஆகவே ஒவ்வொரு வரியையும் தமிழில் வாசித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

மூன்றாவது அற்றோணித் தத்துவம். இது கொஞ்சம் பயப்பட வேண்டிய கடதாசி. உங்களுக்குப் பதிலாக இன்னொருவர் காசு எடுக்க, காணி விற்க, கையெழுத்து வைக்க அதிகாரம் கொடுப்பது இது. வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகும் தங்கச்சிமார் ஊரில் இருப்பவருக்கு எழுதிக் கொடுப்பார்கள். கொடுக்கத்தான் வேண்டும் என்றால், எந்தக் காரியத்துக்கு என்று அந்த ஒன்றை மட்டும் எழுதச் சொல்லுங்கள். "சகல அதிகாரமும்" என்று எழுத விடாதீர்கள்.

காணி, வீடு விற்பதும் ஈடு வைப்பதும் 1840ஆம் ஆண்டிலிருந்தே உள்ள சட்டப்படி எழுத்தில், நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு நடக்க வேண்டும். வாசிக்கத் தெரியாதவருக்கு உறுதியை வாசித்து விளக்குவது நொத்தாரிசின் கடமை. தோட்டக் குடும்பங்களுக்கு 7 பேர்ச் காணியும் வீடும் உறுதியும் கிடைத்து வரும் காலம் இது. எத்தனையோ தலைமுறை லயத்தில் இருந்து பெற்றது. அந்த உறுதியை வட்டிக்காரரிடம் கொடுத்துவிட்டு, "விற்பனை" என்று எழுதிய தாளில் "கடன்" என்று நினைத்துக் கையெழுத்து வைத்துவிடாதீர்கள். உறுதியில் என்ன நிபந்தனை இருக்கிறது என்று சட்டத்தரணியிடம் கேட்டுத் தெரிந்த பிறகே எதையும் செய்யுங்கள்.

5. காசு விடயம்

சட்டத்தரணிக்குக் காசு கொடுப்பது தவறில்லை. அவரும் படித்துத் தொழில் செய்கிறார். எவ்வளவு, எதற்கு என்று கேட்பதும் தவறில்லை. நம்ம ஆட்கள் கூச்சத்தில் கேட்காமல் வந்துவிட்டு, பிறகு லயத்தில் இருந்து புலம்புவார்கள். முதல் நாளே மரியாதையாக இப்படிக் கேளுங்கள்:

"ஐயா, இந்த வழக்குக்கு மொத்தமா எவ்வளவு வரும்? ஒவ்வொரு தவணைக்கும் தனியாக் கட்டணுமா? முத்திரை, டைப் செலவு இதுக்குள்ள சேருமா? ஐயா வர முடியாத நாள்ல வேற ஐயா வந்தா அதுக்கு வேற காசா?"

பதிலை ஒரு கொப்பியில் எழுதுங்கள். காசு கொடுத்தால் பற்றுச்சீட்டு வாங்குங்கள். சீட்டு இல்லை என்றால் கொப்பியில் திகதி, தொகை, யாரிடம் கொடுத்தது என்று எழுதி, கூடப் போனவரையும் கையெழுத்து வைக்கச் சொல்லுங்கள். சட்டத்தரணியின் பெயரைச் சொல்லி வேறு யார் காசு கேட்டாலும் கொடுக்க வேண்டாம்.

"நீதவானுக்குக் கொடுக்க வேணும்", "கந்தோர் ஐயாவைக் கவனிக்க வேணும்" என்று யாராவது சொன்னால் அது இலஞ்சம். கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். இலஞ்ச ஆணைக்குழுவின் 1954 என்ற இலக்கத்துக்கு அறிவிக்கலாம். அதேபோல் "நிச்சயம் வெல்லுவோம்" என்று சத்தியம் செய்கிறவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். நல்ல சட்டத்தரணி நம்ம பக்கத்தில் உள்ள பலவீனத்தையும் முதலிலேயே சொல்லுவார்.

6. தவணையும் தபாலும்

நம்ம வழக்குகள் தோற்பதற்கு ஒரு பெரிய காரணம் நியாயம் இல்லாதது அல்ல, கடிதம் வந்து சேராதது. டவுனில் ஒவ்வொரு வீட்டுக்கும் இலக்கம் இருக்கிறது, தபால்காரர் வாசலுக்கே வருவார். லயத்தில் அப்படியில்லை. கடிதம் தோட்டத்து ஆபீசுக்கு வந்து, பெரட்டுக் களத்துக்கு வந்து, அங்கிருந்து யார் கையிலோ கொடுத்தனுப்பி, வீட்டுக்கு வரும்போது தவணை நாள் போய்விட்டிருக்கும். அல்லது அதே பெயரில் இருக்கும் வேறு ஆளிடம் போய்விடும்.

இதற்கு என்ன செய்யலாம்? விலாசம் எழுதும்போது தோட்டத்தின் பெயர் மட்டும் போதாது. டிவிசன், லய இலக்கம், காம்பரா இலக்கம், தகப்பன் பெயர் எல்லாம் எழுதச் சொல்லுங்கள். நம்பிக்கையான கடையோ டவுனில் இருக்கும் சொந்தக்காரர் வீடோ இருந்தால், அவர்கள் சம்மதத்தோடு அந்த விலாசத்தையும் கொடுங்கள். தொலைபேசி இலக்கத்தைக் கட்டாயம் கொடுங்கள். இலக்கம் மாறினால் அந்த வாரமே சட்டத்தரணிக்குச் சொல்லுங்கள்.

ஒவ்வொரு தவணையும் முடிந்து வெளியே வந்ததும், வழக்கு இலக்கம், அடுத்த தவணைத் திகதி, அன்றைக்கு என்ன நடந்தது ஆகிய மூன்றையும் கேட்டு எழுதுங்கள். அந்த நாளை வீட்டுக் கலண்டரில் சிவப்பு மையால் வட்டமிடுங்கள். "ஐயா பார்த்துக்குவார்" என்று போகாமல் இருந்தால் வழக்குத் தள்ளுபடியாகலாம். குற்ற வழக்கு என்றால் பிடியாணையே வரலாம். நானுஓயாவிலிருந்து முதல் பஸ்சைப் பிடித்துப் போய் உட்கார்ந்திருப்பதே மேல்.

7. நம்ம மொழியில் கேட்கும் உரிமை

அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரைப்படி, வழக்கு நடக்கும் மொழி தெரியாதவருக்கு மொழிபெயர்ப்பாளர் வசதியை அரசு கொடுக்க வேண்டும். இது சலுகை அல்ல, உரிமை. "ஐயா, எனக்கு விளங்கல, தமிழ்ல சொல்லுங்க" என்று கோர்ட்டில் எழுந்து சொல்லலாம். பொலிசில் முறைப்பாடு எழுதினாலும், அதைத் தமிழில் வாசித்துச் சொல்லிய பிறகே கையெழுத்து வையுங்கள். விளங்காமல் தலையாட்டினால் அதுவே பின்னால் நமக்கு எதிரான சாட்சியாகிவிடும்.

8. நாம் சட்டத்தரணிக்குச் செய்ய வேண்டியது

உண்மையை முழுதாகச் சொல்லுங்கள். குடித்திருந்தால் குடித்ததைச் சொல்லுங்கள், அடித்திருந்தால் அடித்ததைச் சொல்லுங்கள். நாம் சொல்வதைச் சட்டத்தரணி நம்ம அனுமதியில்லாமல் வெளியே சொல்லக்கூடாது என்பது சாட்சியச் சட்டத்திலேயே இருக்கிறது. மறைத்த விடயம் எதிர்ப்பக்கத்துச் சட்டத்தரணியின் வாயிலிருந்து வரும்போது நம்ம ஐயாவால் எதுவும் செய்ய முடியாது.

மூலப் பத்திரங்களைக் கொடுக்காமல் போட்டோக் கொப்பி கொடுங்கள். மூலம் கட்டாயம் என்றால், கொடுத்ததற்கு எழுத்து வாங்குங்கள்.

நல்ல சட்டத்தரணிமார் நம்ம மக்களுக்கு எப்போதும் இருந்திருக்கிறார்கள். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் பொலிஸ் சுட்டுக் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தபோது, விசாரணைக் குழுவின் முன் அவருடைய மனைவிக்காகப் பேசியவர் சட்டத்தரணி கொல்வின் ஆர். டி சில்வா. ஒரு தோட்டத்து விதவைக்காகக் கொழும்பிலிருந்து வந்து நின்றார். சட்டம் தெரிந்தவர் நம்ம பக்கம் நின்றால் எவ்வளவு பெரிய இடத்திலும் கேள்வி கேட்கலாம் என்பதை அது காட்டியது.

சட்டத்தரணி மேல் மனக்குறை வந்தால் முதலில் நேரில் பேசுங்கள். சரிவராவிட்டால் கணக்கை முடித்து, பத்திரங்களை வாங்கி, வேறொருவரிடம் போங்கள். காசை வாங்கிக்கொண்டு மோசம் செய்தார் என்றால் சத்தியக் கடதாசியோடு உயர் நீதிமன்றத்துக்கு எழுதி முறையிடலாம். அந்த நேரத்தில்தான் பற்றுச்சீட்டும் கொப்பியும் பேசும்.

9. வீட்டில் ஒரு பை

மழை ஒழுகாத இடத்தில், பொலித்தீன் பைக்குள் இவற்றைப் போட்டு வையுங்கள்: பிறப்பு, விவாகச் சான்றிதழ்கள், அடையாள அட்டைக் கொப்பி, சேமலாப நிதி இலக்கம், சம்பளத் துண்டுகள், வைத்தியத் துண்டுகள், வங்கிப் புத்தகம், வீட்டு உறுதி, கோர்ட் கடதாசிகள்.

ஒரு முக்கிய விடயம், பெயர். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொன்று, செக்ரோலில் வீட்டில் கூப்பிடும் பெயர் என்று நம்மில் பலருக்கு மூன்று பெயர். வேலை செய்யும் காலத்தில் இது பெரிதாகத் தெரியாது. காசு எடுக்கும் நாளில்தான் "இது நீங்களா?" என்று கேட்பார்கள். ஓய்வு பெறும் வருடம் வரை காத்திருக்காமல் இப்போதே மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் உங்கள் தோட்ட நலன்புரி உத்தியோகத்தரிடம் வாருங்கள். எதைத் திருத்த வேண்டும், எதற்குச் சத்தியக் கடதாசி போதும் என்று சேர்ந்து பார்ப்போம். சேமலாப நிதிக்கு யாரை வாரிசாக நியமித்திருக்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். கலியாணத்துக்கு முன் எழுதிய பெயரே இன்னமும் கிடக்கலாம்.

குடும்பத்தோடு பேசிப் பார்க்கக் கேள்விகள்

1. நமக்கு எத்தனை வருடச் சேவை? இன்றைய சம்பளத்தில் சேவைக்காலப் பணம் எவ்வளவு வரும்?
2. வேலை நிறுத்தப்பட்டால் எத்தனை மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும்?
3. நம்ம வீட்டில் யாராவது வெற்றுத் தாளில் கையெழுத்து வைத்ததுண்டா? அந்தத் தாள் இப்போது யாரிடம்?
4. நம்ம பெயர் எல்லாப் பத்திரத்திலும் ஒரே மாதிரி இருக்கிறதா?

மூன்றாவது கேள்விக்கு "ஆமா" என்று பதில் வந்தால், வெட்கப்பட்டு மறைக்காமல் இந்த வாரமே வந்து சொல்லுங்கள். நாள் போகப் போகத்தான் சிக்கல் இறுகும். கொழுந்து எடுக்கும்போது இரண்டு இலையும் மொட்டும் பார்த்துத்தானே கிள்ளுகிறோம். கடதாசியையும் அப்படியே பார்த்துக் கையெழுத்து வைப்போம்.